எட்டங்குலப் புல்லி

1954 ஜூன் 14, திங்கள்

ஒருவழியாக எங்கள் சந்துக்கும் கரண்ட் வந்துவிட்டது. லிங்கராஜபுரத்தில் மற்ற தெருக்களுக்கெல்லாம் போன வருஷமே வந்தாயிற்று. எங்கள் சந்தில் மட்டும் கம்பத்தை நட்டுவிட்டு, கம்பியை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று காலை லைன்மேன் வந்து பட்டறைச் சுவரில் மீட்டர் பெட்டியை மாட்டினான். அதிலிருந்து இவர் அதை எட்டு தரம் போய்ப் பார்த்தாயிற்று. ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாக எட்டு தரம்! சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் ஒரு தரத்தில் வரமாட்டார்.

"ஜோசி, இனிமே லேத்துக்கு மோட்டார் போட்டுடலாம். நீ மிதிச்சது போதும்."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நான் நல்லா இல்லை. ஈஸ்டருக்கு முன்னாலிருந்து இடது முழங்கால் வீங்குகிறது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் பனம்பழம் மாதிரி. புடவைக்குள்ளே துணி சுற்றிக்கொண்டு மிதிக்கிறேன். பக்கத்து வீட்டுக் காந்தாவுக்கு மட்டும் தெரியும். அவள் வீட்டில்தான் வெந்நீர் ஒத்தடம்.

எங்கள் கடைசல் பட்டறை மூன்று வருஷமாக ஓடுவது இப்படித்தான்: நான் மிதிப்பலகையை மிதிக்க, பெரிய சக்கரம் சுற்ற, இவர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து உளியைப் பிடித்து மரத்தைக் கடைவார். நாற்காலிக் கால், கட்டில் கால், தொட்டில் குமிழ். இவர் தங்கவயல் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். வலது காலில் பட்ட காயம் புரையோடி முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு, என் அப்பா விட்டுப்போன லேத்தை நம்பி இங்கே வந்தோம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "உன் காலுக்கு ஒண்ணுன்னா அன்னைக்கே பட்டறையைப் பூட்டிடுவேன். பொண்டாட்டியைச் செக்குமாடா சுத்தவிட்டுச் சாப்பிடற சோறு எனக்கு வேணாம்."

சொன்னால் செய்கிற ஆள். பூட்டிவிட்டு எங்காவது மூலையில் உட்கார்ந்துவிடுவார். கால் போன புதிதில் அப்படி ஆறு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு மாதத்தை நான் இன்னொரு தரம் பார்க்கமாட்டேன்.

மோட்டார் வந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். இன்னும் கொஞ்ச நாள். மாதாவே, இந்த முட்டி அதுவரைக்கும் தாங்கட்டும்.

ஜூன் 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் சண்டே பஜார். எனக்குக் கோவிலிலேயே தெரிந்துவிட்டது. பிரசங்கத்தின்போது இவர் விரலால் பெஞ்சில் மோட்டார் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்கள் மலைமலையாகக் கிடக்கின்றன. சத்தார் பாய் என்கிற பழைய இரும்புக்காரர் சாக்கைத் தூக்கி ஒரு மோட்டாரைக் காட்டினார். பச்சைப் பெயின்ட், ஒரு பக்கம் சொட்டை. அதன் தண்டிலேயே பெல்ட் ஓடுகிற சக்கரம், சின்ன இரும்புப் புல்லி ஒன்று இருந்தது.

"பர்மா வரைக்கும் போய் வந்த மால், மேஸ்திரி. உங்க வீட்டுக்கு வராதா?"

"பர்மா போனதுக்காக உனக்குப் பென்ஷன் குடுக்கணுமா?" என்றார் இவர். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு லாரியின் பழைய ஃபேன் பெல்ட்டையும் ஒரு பித்தளை புஷ்ஷையும் கொசுறாகப் போடச் சொல்லி வாங்கிவிட்டார்.

வரும்போது பஸ்ஸில் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். நம் மகள் லூர்துமேரி பிறந்தபோது அவளைக்கூட இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. அவள் இப்போது ராபர்ட்சன்பேட்டையில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். இதை எழுதினால் சிரிப்பாள்.

ஜூன் 21, திங்கள்

மோட்டார் ஓடுகிறது, லேத்தோடு இன்னும் சேர்க்கவில்லை. பூனை ஓடிவிட்டது.

ஜூன் 25, வெள்ளி

ஞானசேகரன் வந்திருந்தான். இவருடைய சித்தப்பா மகன். ஒரு மில்லில் டைம்கீப்பர். போன தரம் சொன்னதையே இந்தத் தரமும் சொன்னான்.

"அண்ணே, கேட்ல வாட்ச்மேன் வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு. உக்காந்த இடத்துல வேலை. ஸ்டூல் குடுப்பாங்க, தொப்பி குடுப்பாங்க. எதுக்கு இந்த மரத்தூள்ல கிடந்து அவஸ்தைப்படணும்?"

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட எண்ணத்தில் சொன்னால் நாலு வார்த்தை திட்டலாம்.

இவர் சிரித்துவிட்டு, "என்னால ஒரு நாற்காலிக் காலை நேரா கடைய முடியலைன்னா அன்னைக்குச் சொல்றேன், தொப்பி அளவு எடுத்துக்கோ" என்றார்.

சுரங்கத்தில் எத்தனையோ பெரிய எஞ்சினைப் பிரித்து மாட்டின கை. அது கேட்டுக்கு முன்னால் கம்பு பிடித்துக்கொண்டு உட்காருவதா?

ஜூன் 30, புதன்

முன்பெல்லாம் மில்லின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் எட்டு நாற்காலிக் கால் முடியும். இன்று ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டில் உளி வழவழப்பாக வெட்டாமல் மரத்தைப் பிய்த்திருந்தது.

இவர் இரண்டு கையையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கை மந்தமாயிடுச்சு போல ஜோசி."

"மரம் கெட்டியா இருக்குங்க. இந்த லாட் மரமே சரியில்ல" என்றேன்.

மரத்துக்கு என்ன? மிதிக்கிறவள் மெதுவாக மிதித்தால் மரம் மெதுவாகத்தான் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் உளி பிய்க்கத்தான் செய்யும். என் அப்பா லேத்தில் பத்து வயதில் மிதிக்க ஆரம்பித்தவள் நான், இதுகூடத் தெரியாதா? வேண்டுமென்று மெதுவாக மிதிக்கவில்லை. கால் அவ்வளவுதான் போகிறது. அதுவும் ஒரே நாளில் குறையவில்லை, கொஞ்சங்கொஞ்சமாக. அதனால்தான் இவருக்குத் தெரியவில்லை.

தன் கையைச் சந்தேகப்படுகிறாரே. அதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி மரத்தின்மேல் பழி போடுகிறாளே. நல்ல பெண்சாதி.

ஜூலை 3, சனி

பட்டறைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியிருந்தார்: 14 – 20 – 56.

என்ன இது என்றேன். முகமெல்லாம் பூரிப்பு.

நான் மிதிக்கும்போது ஜெபமாலை சொல்லுவேன். அப்பா காலத்துப் பழக்கம். இருபது மிதிக்கு, மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கால் அதன் தாளத்தில் போகும், வாய் காலின் பின்னால் போகும். நேற்று இவர் எனக்குத் தெரியாமல் பாக்கெட் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் பதினாலு பிரியதத்தம். அப்படியென்றால் நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு மிதி.

"எங்கிட்ட சொல்லிட்டு எண்ணக்கூடாதா?"

"பாக்கறாங்கன்னு தெரிஞ்சா மெஷினே ஒழுங்கா ஓடும், ஜோசி. சும்மா இருக்கறப்போதான் கணக்கெடுக்கணும். சுரங்கத்துல அப்படித்தான்." அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "மூணு வருஷமா உன் காலுக்குத்தான் என் கை பழகியிருக்கு. வேற வேகம் எனக்கு வராது. உன் வேகத்தையே மோட்டார்ல கொண்டாந்துடறேன், பாரேன்" என்றார்.

நேற்று மழை. முட்டி இருந்ததிலேயே மோசமான நாள் நேற்றுதான்.

ஜூலை 4, ஞாயிறு

கோவிலில் ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்றே ஓடிற்று.

மத்தியானம் இவர் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். மோட்டார் தண்டில் இருக்கும் புல்லி சின்னது. அது படுவேகமாகச் சுற்றும். லேத்தில் மாட்டும் புல்லி பெரியதாக இருந்தால் லேத் மெதுவாகச் சுற்றும், சின்னதாக இருந்தால் வேகமாகச் சுற்றும். ஐம்பத்தாறு மிதிக்குச் சரியான அளவு எட்டங்குலம்.

அப்படியானால் என் பழைய கால் வேகத்துக்கு எவ்வளவு? எட்டுக்கும் குறைவு. எவ்வளவு குறைவு? எனக்கே தெரியாது. நல்லா ஓடுகிற காலை யார் எண்ணி வைத்தார்கள்?

இப்போதே சொல்லிவிட்டால் என்ன? "ஏங்க, நீங்க எண்ணினது நோவுக் காலை" என்று. சொல்ல வாயெடுத்தேன். "பூட்டிடுவேன்" என்ற சொல் முன்னால் வந்து நின்றது. மோட்டார் ஓடட்டும். ஓடின பிறகு வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் மெதுவாக ஓடினால் உலகம் முழுகிவிடுமா?

இதுதான் ஜோசபின் கணக்கு. ஃபிட்டர் கணக்கே மேல்.

ஜூலை 11, ஞாயிறு

ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்களாம். பலாமரக் கதவு ஒன்றை இவர் வாங்கிக் கைவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். ஒற்றைக் கதவு, அடியில் கொஞ்சம் கரையான், மற்றபடி பொன் மாதிரி மரம். அதில் மூன்று வட்டம் அறுத்து, மரத்தின் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடும்படி வைத்து, மாட்டுத்தோல் பசையான வஜ்ரம் போட்டு ஒட்டினார். அப்படி ஒட்டினால் வெடிக்காதாம், நெளியாதாம். நடுவில், தண்டு நுழையும் ஓட்டைக்கு, பாய் கொடுத்த பித்தளை புஷ்.

வஜ்ரம் காய்ச்சின நாற்றம் சந்து முழுக்க. காந்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா ஜோசபினம்மா, மாட்டைக் காய்ச்சறீங்களா?" என்றவள், இவர் அந்தப் பக்கம் போனதும் தன் கன்னடம் கலந்த தமிழில் குரலைக் குறைத்தாள். "இன்னும் சொல்லலியா? சும்னே எதுக்கு மறைக்கறே? புருஷன்தானே, ஊரானா?"

ஊரானாக இருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 17, சனி

இன்று புல்லியைக் கடைந்தோம். அதற்கும் அதே லேத்துதான், அதற்கும் என் கால்தான். ஒட்டின கட்டையை லேத்துத் தண்டிலேயே மாட்டிவிட்டார். அங்கேயே வைத்துக் கடைந்தால்தான் ஆட்டமில்லாமல் சுற்றும் என்றார்.

என்னை வீட்டுக்கு அனுப்பப்போகிற சக்கரத்துக்கு நானே மிதிக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் வருத்தமும் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. வலிக்கிற வேலைதானே, போனால் போகட்டுமே? ஆனாலும் மூன்று வருஷம். நாள் முழுக்க ஒரே அறையில், ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கமாக. பேசினதைவிடப் பேசாமல் இருந்ததே அதிகம். நான் ஜெபமாலையில் ஒரு மணி விட்டுவிட்டால், இவர் உளியை எடுக்காமலே "ஒண்ணு கம்மி" என்பார்.

பெல்ட் உட்காரும் பள்ளத்தை வெட்டி முடித்து, விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார். "எட்டங்குலம். ஒரு மயிரிழை கூட இல்ல, குறைய இல்ல."

நிஜமாகவே அழகான சக்கரம். தப்பான சக்கரம்.

ஜூலை 24, சனி

படியேற முடியவில்லை. இவரிடம் கொலுசு கழன்றுவிட்டது, தேடுகிறேன் என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். நான் கொலுசு போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. இவர் சேர்ந்து தேடினார்.

ஜூலை 29, வியாழன்

ஓடிற்று.

மோட்டாரை ஒரு பலகையில் இறுக்கி, பலகையைக் கதவுக் கீலில் தொங்கவிட்டிருக்கிறார். மோட்டாரின் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுவிட்சைப் போடச் சொல்லி என் கையைப் பிடித்து வைத்தார். ஒரு முனகல், அப்புறம் சீராகச் சுற்ற ஆரம்பித்தது. ஆட்டமில்லை, சத்தமில்லை. சந்தில் பாதிப்பேர் வாசலில். காந்தா கையில் கற்கண்டு.

இவர் ஒரு நாற்காலிக் காலை மாட்டிக் கடைந்தார். நான் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு நாளாயிற்று அவர் முகத்தை இப்படிப் பார்த்து.

ஜூலை 31, சனி

மூன்று நாளாகப் பன்னிரண்டு மணிச் சங்குக்கு ஐந்து கால். ஐந்துக்கு மேல் ஒன்று போகவில்லை. அதே பிய்த்தல்.

சாயங்காலம் சுவிட்சை அணைத்துவிட்டு வெகுநேரம் ஸ்டூலிலேயே இருந்தார். நான் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"விடு ஜோசி. பேசணும்."

உட்கார்ந்தேன்.

"இத்தனை நாள் மனசுக்குள்ள ஒரு சமாதானம். நீ களைச்சுப்போயிருப்பே, மரம் கெட்டியா இருக்கும், ஏதோ ஒண்ணுன்னு. மோட்டாருக்குக் களைப்பு ஏது? வேகம் அதே வேகம், மரமும் மாத்திப் பாத்துட்டேன். இப்பவும் அஞ்சுதான். அப்படின்னா மிச்சம் இருக்கறது ஒண்ணுதான்." கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "கை போச்சு."

நான் துடைப்பத்தை மடியில் போட்டு ஈர்க்குகளைச் சரிசெய்தேன்.

"கால் போனப்போ கூட, கை இருக்குன்னு நெனச்சேன். ஞானசேகரனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். திங்கக்கெழமை போய் மேனேஜரைப் பாக்கறேன். நீ ஒண்ணும் சொல்லாதே."

ஒண்ணும் சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை. பாவி, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூசைக்குப் போகும் முன்னால். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பித்தானை மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது பித்தானுக்கு விரல் தடுமாறிற்று, உடனே விரலையே முறைத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. புடவையை முட்டிக்கு மேலே தூக்கித் துணியை அவிழ்த்துக் காட்டினேன்.

"உங்க கை போகல. பாருங்க. இதுதான் போச்சு. ஈஸ்டருக்கு முன்னாடியிலிருந்தே இப்படித்தான். நான் முன்ன மாதிரி மிதிக்கல. மிதிக்க முடியல. நீங்க எண்ணினீங்களே ஐம்பத்தாறு, அது என் வேகம் இல்ல. இந்த வீக்கத்தோட வேகம். மோட்டார் இப்போ என் நோவைத்தான் சுத்திட்டு இருக்கு. உங்க கையில ஒண்ணும் இல்லங்க, ஒண்ணுமே இல்ல—"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

இவர் முட்டியைப் பார்த்தார். தொடவில்லை. "நாலு மாசம்" என்றார். அவ்வளவுதான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கோவிலுக்குத் தனியாகப் போனார்.

நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. சோற்றைப் போட்டேன், சாப்பிட்டார். தண்ணீர் கேட்கவில்லை, தானே எழுந்து எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 2, திங்கள்

காலையில் கண் விழித்தபோது பட்டறையில் ரம்பச் சத்தம். நான் நொண்டிக்கொண்டு போவதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். உள்ளே பார்த்தேன். மிதிப்பலகையை அறுத்தெடுத்துவிட்டார். என் அப்பா வைத்த பலகை. அது இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை அறுப்புத் தழும்பு. பலகையும் இல்லை. வெளியே வந்து பார்த்தால் பட்டறைக் கதவில் பூட்டு தொங்குகிறது, சாவியோடு. பூட்ட எடுத்தவர் அவசரத்தில் பூட்டாமல் போய்விட்டார் போலும். அல்லது பூட்ட மனம் வரவில்லையோ.

திங்கட்கிழமை. மேனேஜரைப் பார்க்கிற நாள்.

நாலு மாதம் எதைக் கட்டிக் காத்தேனோ அதை நானே கையால் கொடுத்துவிட்டேன். சொல்லாமல் இருந்தாலும் போயிருக்கும். சொன்னதாலும் போயிற்று. பின்னே எதற்குச் சொன்னேன்? கை போகவில்லை என்று தெரிந்துகொண்டாவது போகட்டும். தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும், கை இருக்கிற மனிதனாக உட்காரட்டும்.

மத்தியானம் ஞானசேகரன் வந்து, "அண்ணன் வரலியே, மேனேஜர் காத்திருந்தாரு" என்றான். மில்லுக்குப் போகவில்லை என்றால் எங்கே?

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். கையில் ஒரு மூட்டை. கேட்டேன். பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மறக்கக்கூடாது.

காலையில் "ஜோசி, வா" என்றார். இரண்டு நாளில் முதல் வார்த்தை. போனேன். லேத்துக்குப் பக்கத்தில் என் நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு குட்டி ஸ்டூல். நாலு கால், நாலும் கடைந்த கால். மேலே பலகை. பார்த்தவுடன் தெரிந்தது, நடுவில் என் பாதம் தேய்த்த பள்ளம். மிதிப்பலகை.

"காலை இதுமேல நீட்டு."

நீட்டினேன். இவர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு உட்காருவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். மூட்டையைப் பிரித்தார். எருக்கிலையும், ஏதோ எண்ணெயும். நேற்றுப் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு வைத்தியரைத் தேடி அலைந்திருக்கிறார். இலையை வாட்டி முட்டியைச் சுற்றிக் கட்டினார். சூடு அதிகமா என்று ஒவ்வொரு இலைக்கும் கேட்டார்.

"வலியை மறைச்சது பெரிசில்ல ஜோசி. என் கை போச்சுன்னு நான் உக்காந்திருந்தப்போ பாத்துட்டு இருந்தியே. அதான் தாங்கல."

"பூட்டிடுவேன்னு சொன்னீங்களே."

கட்டின முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். "ஆமா. சொன்னேன். நான் அப்படிச் சொல்லியிருக்கலைன்னா நீ முதல் நாளே சொல்லியிருப்பே. என் வாய்க்கும் ஒரு கட்டுப் போடு."

சிரித்தோமா அழுதோமா, இரண்டும்தான்.

அப்புறம் பாக்கெட் கடிகாரத்தை எடுத்தார். "இப்போ உன் பழைய வேகம் வேணும்."

"காலே இல்லாம எப்படி?"

"கால்ல இல்லாட்டி என்ன, வாயில இருக்கும். போன வருஷம் எப்படிச் சொன்னியோ அப்படிச் சொல்லு. எண்ணறேன்னு நெனைக்காதே. சும்மா சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை எடுத்தேன். முதல் இரண்டு மணி தடுமாறிற்று. அப்புறம் அப்பாவின் லேத் சத்தம் காதில் வந்தது. காலுக்கு மறந்தது நாக்குக்கு மறக்கவில்லை. ஸ்டூல்மேல் இலைக்கட்டுக்குள் பாதம் தானாக அசைந்தது. நான் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது இவர் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை?"

"அஞ்சு நிமிஷத்துக்கு இருபது" என்றார். "நிமிஷத்துக்கு எண்பது மிதி. எண்பது ஜோசி! இப்படியா மிதிச்சே நீ?"

ஆகஸ்ட் 8, ஞாயிறு

எண்பது மிதிக்கு ஐந்தரை அங்குலமும் ஒரு நூலும், அதாவது இன்னும் அரைக்கால் அங்குலம். பலாக்கதவில் இன்னும் இரண்டு வட்டம் அறுத்து, எட்டங்குலப் புல்லியின் முகத்திலேயே ஒட்டினார். அதைக் கடைய மிதிக்க யார் இருக்கிறார்கள்? பெல்ட்டைப் பெரிய பள்ளத்திலேயே ஓடவிட்டு, மோட்டாரைக் கொண்டே பக்கத்தில் சின்னதைக் கடைந்தார். தப்பான சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்குப் பக்கத்தில் சரியான சக்கரத்தைச் செய்துவிட்டது. நான் நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

பெரியதை வெட்டி எறிந்துவிடுங்கள் என்றேன். "மெழுகு தேய்க்க, பாலீஷ் போட மெதுவான வேகம் வேணும்" என்றார். மோட்டார்ப் பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, பெல்ட்டை எந்தப் பள்ளத்துக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

பன்னிரண்டு மணிச் சங்கு. எட்டு.

வழவழவென்று எட்டு. எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு, மரத்தூள் என்றார்.

செப்டம்பர் 8, புதன்

மாதா திருநாள். கோவிலுக்கு நடந்தே போனேன், மெதுவாக. இவர் ஊன்றுகோலோடு எனக்காக நின்று நின்று வந்தார். வீக்கம் பாதி குறைந்திருக்கிறது. முழுக்கப் போகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 7, வியாழன்

ஜெபமாலை மாதம். பட்டறையில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். மிதியும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் நான் இல்லாவிட்டால் இவருக்கு ஒரு கால் எப்போது முடிகிறது என்றே தெரியவில்லையாம். "ஒண்ணு கம்மி" என்பது இன்னும் நிற்கவில்லை.

ஞானசேகரன் வந்திருந்தான். வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம். அது நல்லதுதான் என்று அவனே சொன்னான். இவர் அப்போது பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார், பெல்ட் பெரிய பள்ளத்தில் நிதானமாக ஓடிற்று. ஞானசேகரன் புல்லியைக் குனிந்து பார்த்தான்.

"என்னண்ணே, ஒரே புல்லியில ரெண்டு பள்ளம்?"

"சின்னது போன வருஷத்து ஜோசி" என்றார் இவர், தலையைத் தூக்காமல். "பெரிசு இந்த வருஷத்து ஜோசி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ அடுத்த வருஷத்துக்கு?"

"இன்னும் கொஞ்சம் பெரிசா ஒண்ணு கடைவேன். பலகை இருக்கு."

நான் கோபித்துக்கொண்ட மாதிரி, கிழட்டுப் பேச்சு என்று முணுமுணுத்துவிட்டு, காப்பி போட எழுந்து போனேன். போகிற வழியில் கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலாக்கதவின் மிச்சத்தைப் பார்த்தேன். நிஜம்தான். பாதிக்கு மேல் இருக்கிறது.